அம்மாவின் கண்புரை: கொழும்பில் அரசாங்க வைத்தியசாலையா, தனியாரா, மதுரையா?

சாமியறை மின்குமிழை மூன்று முறை மாற்றினோம். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் கழித்து அம்மா, "பிள்ளை, இதுவும் மங்கலாகத்தான் இருக்கிறது" என்றார். நான்காவது குமிழ் வாங்கக் கடைக்குக் கிளம்பியபோதுதான், மங்கியது குமிழ் அல்ல என்பது எனக்கு உறைத்தது. அம்மாவுக்கு 76 வயது. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள கண்ணாடிக் கடையில் பரிசோதித்தவர், இரண்டு கண்களிலும் வெள்ளை படர்ந்திருக்கிறது, இனிக் கண்ணாடியை மாற்றிப் பயனில்லை, வைத்தியரைப் பாருங்கள் என்றார்.

அன்றிரவே வீட்டில் மூன்று வழிகள் பேசப்பட்டன. ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா, "காசு நான் அனுப்புகிறேன். நல்ல தனியார் வைத்தியசாலையில், கண்ணுக்குள் வைக்கும் வில்லையையும் (லென்ஸ்) கண்ணாடியே தேவைப்படாததாகப் போட்டுவிடுங்கள்" என்றார். சித்தி மதுரையைச் சொன்னார்; அவருடைய இரண்டு கண்களுக்கும் அங்கேதான் சத்திரசிகிச்சை நடந்தது. என் மனம் லிப்டன் சுற்றுவட்டத்துக்கு அருகிலுள்ள தேசிய கண் வைத்தியசாலையை நாடியது. ஏழு மாதங்கள் ஓடிவிட்டன. ஒரு கண் முடிந்திருக்கிறது. இதே குழப்பத்தில் இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கு உதவும் என்று நாங்கள் எடைபோட்டுப் பார்த்தவற்றை எழுதுகிறேன். "எங்கே" என்பதையே நாங்கள் முதல் கேள்வியாக எடுத்துக்கொண்டு ஒரு மாதத்தை வாதாட்டத்தில் கழித்தோம். அது உண்மையில் மூன்றாவது கேள்வி.

முதலாவது, இப்போதே செய்வதா, பொறுப்பதா? "புரை முற்றட்டும், பிறகு வெட்டலாம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அம்மாவும் அதையே சொன்னார். புரை பிடித்த வில்லையை முழுதாக வெளியே எடுத்து, தடித்த கண்ணாடியை மாட்டிவிட்ட காலத்துப் பேச்சு அது. இன்று வழக்கத்திலுள்ள ஃபேக்கோ முறையில், ஏறக்குறைய 2 முதல் 3 மில்லிமீற்றர் அளவே கீறி, ஒலியதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சி எடுத்து, அந்த இடத்தில் செயற்கை வில்லையை வைக்கிறார்கள். புரை முற்றி இறுகிப் பழுப்பேறினால் உடைக்க அதிக அதிர்வு வேண்டியிருக்கும். கண்ணின் முன்புறத்துக் கருவிழிக்கு அதனால் பாதிப்புக் கூடும். அப்படி இறுகிய புரைக்கு 6, 7 மில்லிமீற்றர் கீறி, தையல் இல்லாமலே செய்யும் இன்னொரு முறை இருக்கிறது. தேர்ந்த கைகளில் அதுவும் நல்ல பலன் தரும். ஆகவே முற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அதே நேரத்தில் நாளையே ஓடவேண்டிய அவசரமும் பெரும்பாலானவர்களுக்கு இல்லை. சொட்டுமருந்தாலோ மூலிகையாலோ புரை கரையாது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

அப்படியானால் நேரத்தை எதை வைத்து முடிவு செய்வது? கண் பரிசோதனைப் பலகையில் எத்தனையாவது வரி தெரிகிறது என்பதைவிட, அம்மாவின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று பார்த்தேன். வீரகேசரியைத் தலைப்புகளோடு நிறுத்திக்கொண்டிருந்தார். அந்தி பட்டால் படி இறங்க மறுத்தார். காலி வீதியைக் கடக்கும்போது என் கையை நசுக்கிப் பிடித்தார். இங்கிலாந்தில் 70 வயதைக் கடந்த பெண்களிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வொன்றில், முதற்கண்ணில் புரையை விரைவாக எடுத்தவர்களிடம், காத்திருந்தவர்களைவிட விழுதல் 34 சதவீதம் குறைந்திருந்தது. இந்த வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் என்ன நடக்கும் என்பதை எங்கள் பெரியம்மாவிடம் பார்த்திருக்கிறோம். இனிப் பொறுப்பதில்லை என்று அந்தக் கேள்வி அங்கே முடிந்தது.

இரண்டாவது கேள்வியை நாங்கள் கேட்கவே இல்லை, வைத்தியர்தான் கேட்டார். புரையை எடுத்துவிட்டால் பின்னால் என்ன இருக்கிறது? புரை என்பது சன்னலில் தொங்கும் அழுக்குத் திரைபோன்றது. திரையை விலக்கிய பிறகுதான் பின்சுவர் வெடித்திருப்பது தெரியவரும். வயதானவர்களின் பார்வையைக் கெடுப்பது புரை மட்டுமல்ல. விழித்திரையின் நடுப்புள்ளியான மக்குலா வயதால் சிதையலாம். கண் அழுத்தத்தால் பார்வை நரம்பு சத்தமில்லாமல் தேயலாம். நீரிழிவு உள்ளவர்களின் விழித்திரையில் இரத்தம் கசியலாம். இவை எதையும் புரைச் சத்திரசிகிச்சை சரிசெய்யாது. சத்திரசிகிச்சைக்குப் பிறகும் மங்கலாகவே இருக்கிறது, வைத்தியர் கெடுத்துவிட்டார் என்று மனம் நோகிறவர்களில் சிலருக்கு, முன்பிருந்தே விழித்திரையில் நோய் இருந்திருக்கிறது.

அம்மாவுக்கு விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓ.சி.டி. பரிசோதனை செய்தோம். கதிர்வீச்சு இல்லை, வலியில்லை, சில நிமிடங்களில் முடிந்தது. இடக்கண்ணில் புரை தடிப்பு, மக்குலா நன்றாக இருந்தது. வலக்கண்ணில் மக்குலாவின் அடியில் சிறுசிறு மஞ்சள் படிவுகள் தெரிந்தன. வயதுசார் மக்குலா சிதைவின் தொடக்க நிலை என்றார்கள். அடுத்து நாங்கள் எடுத்த ஒவ்வொரு முடிவும் அந்த ஒரு படத்தால் மாறியது. எந்த வழியில் போவதானாலும் இந்தப் பரிசோதனையை முதலில் செய்யுங்கள் என்று கையைப் பிடித்துச் சொல்வேன். புரை மிகவும் அடர்ந்து விழித்திரை தெரியாவிட்டால் ஒலியலை வருடல் மூலமாவது பின்பகுதியைப் பார்ப்பார்கள்.

"ஒப்பரேஷன் செய்தால் அந்த மக்குலா நோய் இன்னும் முற்றிவிடாதா?" என்று சித்தி பயந்தார். அமெரிக்காவின் தேசிய கண் நிறுவகம் நடத்திய நீண்ட ஆய்வில் அப்படித் தெளிவான தொடர்பு எதுவும் தெரியவில்லை. அண்ணா அனுப்பிய கண் விற்றமின் மாத்திரைகளைப் பற்றியும் கேட்டோம். அவற்றின் பயன் இடைநிலைக்கு வந்தவர்களுக்கும், ஒரு கண்ணில் நோய் முற்றியவர்களுக்கும்தான். அவர்களிடம் நோய் முற்றுவதைக் கால் பங்களவு குறைக்கும். தொடக்க நிலையில் பயன் நிரூபிக்கப்படவில்லை. அம்மா கீரையும் மீனும் சாப்பிடட்டும், மாத்திரை வேண்டாம் என்றார் வைத்தியர்.

இனி "எங்கே".

கொழும்பின் கண் வைத்தியசாலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விக்டோரியா மகாராணியின் நினைவாகத் திறக்கப்பட்டது. சிவப்பும் வெள்ளையுமான அந்தப் பழைய கட்டடத்தைத் தாண்டிப் போகாத கொழும்பு வாசி இருக்கமாட்டார். இன்று அதன் பெரிய பலம், ஒரே வளவுக்குள் எல்லாம் இருப்பது: விழித்திரைக்குத் தனிக் கிளினிக், கண் அழுத்தத்துக்குத் தனிக் கிளினிக், அவசரத்துக்கு ஓடினால் பார்க்கும் பிரிவு. சிகிச்சைக்குக் கட்டணமில்லை. தினமும் புரை எடுக்கும் கைகள் அங்கே இருக்கின்றன. செய்யச்செய்யத் தேறும் வேலை இது. குறைகளையும் மறைக்காமல் சொல்லவேண்டும். காலை ஆறு மணிக்கே வரிசை. எங்களுக்குச் சத்திரசிகிச்சைத் திகதி கிடைக்க நாலரை மாதங்கள் ஆயின. யார் செய்வார் என்று நாம் தெரிவு செய்யமுடியாது. நிபுணத்துவப் பயிற்சியில் இருக்கும் வைத்தியர் ஒருவர், மூத்தவரின் மேற்பார்வையில் செய்யலாம். 2022 நெருக்கடியின்போது நாடெங்கும் வில்லைக்கும் மருந்துக்கும் தட்டுப்பாடு வந்ததை மறந்துவிட முடியாது. வில்லை கையிருப்பில் இருக்கிறதா, வெளியே வாங்கவேண்டுமா என்பதைத் திகதி கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிந்த குறை மொழி. சொட்டுமருந்தால் மட்டும் மரக்கவைத்துச் செய்யும்போது நோயாளி விழித்திருப்பார். மேலே பாருங்கள், அசையாதீர்கள் என்று சொல்வதை உடனே கேட்டு நடக்கவேண்டும். அம்மாவுக்குச் சிங்களம் கடைத்தெரு அளவுதான். அதனால் ஒரு கிழமை முழுவதும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பழக்கினோம். "உட பலன்ன" என்றால் மேலே பார்க்கவேண்டும், "பஹல பலன்ன" என்றால் கீழே, "ஹெல்லென்ன எபா" என்றால் அசையக்கூடாது. பேரன் வைத்தியராக நடித்தான். அம்மா கட்டிலில் மல்லாந்து படுத்துக் கண்ணை உருட்டினார். இதைச் சின்ன விடயமாக நினைக்காதீர்கள். நீளமாக மல்லாந்து படுக்கும் பழக்கமும் அதோடு வந்தது. இருமலோ இளைப்போ உள்ளவர்கள் அரை மணித்தியாலம் படுக்கமுடியுமா என்று வீட்டிலேயே சோதித்து, முடியாவிட்டால் வைத்தியரிடம் முன்பே சொல்லவேண்டும். சத்திரசிகிச்சை அறையில் ஒரு தாதி தமிழிலேயே பேசினாராம். அம்மா அதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தனியார் வைத்தியசாலையைப் பற்றி நம்மிடையே ஒரு தவறான எண்ணம் உண்டு: அங்கே வேறு வைத்தியர்கள், மேலான வைத்தியர்கள் இருப்பார்கள் என்று. கொழும்பில் தனியாரில் சனல் செய்து (கட்டணம் கட்டி நேரம் பதிந்து) நாம் பார்க்கும் கண் நிபுணர்களில் பெரும்பாலோர் பகலில் அரசாங்க வைத்தியசாலையில் கடமை செய்பவர்களே. பணம் கொடுத்து நாம் வாங்குவது வேறு கையை அல்ல. அந்தக் கையை நம் விருப்பப்படி தெரிவு செய்யும் உரிமையை, விரைவான திகதியை, ஆறுதலாகக் கேள்வி கேட்கும் பத்து நிமிடத்தை, விரும்பிய வில்லையை. இவை அற்பமானவை அல்ல. ஒரு கண் ஏற்கெனவே பார்வை இழந்து, மிச்சமிருக்கும் ஒரே கண்ணில் புரை வந்தவர்கள், தனியாக வசிப்பவர்கள், பராமரிக்கும் பிள்ளை விடுமுறையில் வந்து திரும்பப் போகவேண்டியவர்கள், இவர்கள் எல்லாம் வசதி இருந்தால் தனியாரில் செய்வதே சரி. நாங்கள் விசாரித்த ஓரிடத்தில் அம்மாவின் விழித்திரைப் படத்தைப் பார்க்குமுன்பே விலையுயர்ந்த வில்லையின் கையேட்டைக் கையில் கொடுத்தார்கள். எழுந்து வந்துவிட்டோம். சொல்லும் தொகைக்குள் வில்லை, சொட்டுமருந்து, பின்னர் பார்க்கும் கட்டணம் எல்லாம் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், அரச ஊழியர் என்றால் அக்ரஹார காப்புறுதியில் ஏதும் திரும்பக் கிடைக்குமா என்றும் விசாரித்துப் பாருங்கள்.

மதுரைக்குச் சித்தி சொன்ன காரணங்களை நான் மதிக்கிறேன். அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் தாமே கத்தியைப் பிடித்துச் செய்தவர் அவர். 1992இல் அவர்கள் தொடங்கிய ஆரோலேப், கண்ணுள் வில்லையைத் தாங்களே செய்து விலையைப் பல மடங்கு குறைத்தது. அங்கே அம்மாவுக்குச் சிங்களம் பழக்கவேண்டியதில்லை. கேட்பதெல்லாம் தமிழில் கேட்கலாம். விமானத்தில் சுமார் ஒரு மணித்தியாலப் பயணம்தான்.

ஆனால் புரைச் சத்திரசிகிச்சை மேசையில் 20 நிமிடத்தில் முடியும் வேலை; அதற்குப் பின் வரும் ஒரு மாதம்தான் பெரியது. மறுநாள் பார்க்கவேண்டும், ஒரு கிழமையில் பார்க்கவேண்டும், மாதம் முடிய மறுபடி பார்க்கவேண்டும். கண்ணுக்குள் கிருமித்தொற்று என்பது மிகவும் அரிது. ஆனால் வந்தால் மணிக்கணக்கில் பார்வையைக் கொண்டுபோகும். வலி கூடினாலோ, கண் சிவந்தாலோ, தெளிந்த பார்வை திரும்ப மங்கினாலோ அன்றே ஓடவேண்டும். கொழும்புக்குத் திரும்பிய ஐந்தாம் நாள் இரவு அப்படியானால், செய்தவர் கடலுக்கு அப்பால் இருப்பார். கண்ணைப் புதிதாகப் பார்க்கும் வைத்தியருக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லவேண்டும். சித்திக்கு மதுரையில் மைத்துனர் குடும்பம் இருக்கிறது; ஒரு மாதம் தங்கினார். எங்களுக்கு அங்கே யாரும் இல்லை. விசா, அறை வாடகை, கூடப் போகும் என் விடுமுறை எல்லாவற்றையும் கூட்டினால் செலவும் அவ்வளவு மலிவாக வரவில்லை. வலக்கண் விழித்திரையை வருடக்கணக்காகக் கண்காணிக்கவேண்டிய அம்மாவுக்கு, ஓட்டோவில் போய்வரும் தூரத்தில் ஒரு கிளினிக் கொப்பி இருப்பதுதான் முக்கியம் என்று பட்டது. மாதம் ஒன்று தங்க உறவினர் வீடு இருந்து, விழித்திரையும் நன்றாக இருந்தால், மதுரை மிக நல்ல வழி.

அரசாங்க வைத்தியசாலை என்றதும் உறவினர்கள் 2023இல் நுவரெலியாவில் நடந்ததை எடுத்தார்கள். சத்திரசிகிச்சைக்குப் பின் இட்ட இறக்குமதிச் சொட்டுமருந்தால் சிலருக்குப் பார்வை பாதிக்கப்பட்டது. அந்தப் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் பிழை குப்பிக்குள் இருந்தது. மருந்தின் தரத்தைக் காக்கத் தவறினால் தனியார் மருந்தகத்துக் குப்பியிலும் அதே ஆபத்து வரலாம். குப்பியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா, முடிவுத் திகதி என்ன என்று பார்த்தேன். திறந்த திகதியை எழுதி ஒட்டினேன். நான்கு கிழமையானதும் எறிந்தேன்.

கடைசியாக வில்லை. அண்ணாவோடு நான் அதிகம் பேசியது இதைப் பற்றித்தான். ஒரே தூரத்துக்குக் குவியும் வில்லை, பல தூரத்துக்குக் குவியும் வில்லை, கருவிழியின் வளைவுக் கோளாற்றையும் சேர்த்துத் திருத்தும் டோரிக் வில்லை என்று வகைகள் இருக்கின்றன. பல தூர வில்லை, வரும் வெளிச்சத்தைத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பங்குபோடுகிறது. கண்ணாடியின் தேவை குறையும் என்பது உண்மை. அதற்கு விலையாக, இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியும். மங்கல் வெளிச்சத்தில் ஒரு பொருளை அதன் பின்னணியிலிருந்து பிரித்தறிவது குறையும். மக்குலா நலமாக உள்ளவரின் மூளை இதற்குப் பழகிக்கொள்ளும். மக்குலா சிதையத் தொடங்கிய கண்ணுக்கு ஏற்கெனவே அந்தப் பிரித்தறியும் திறன் குறைவு. அதிலிருந்தும் ஒரு பங்கை எடுத்தால் என்ன மிஞ்சும்? கண் அழுத்த நோயில் நரம்பு தேய்ந்தவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமிக்கு இப்படி வில்லை வைத்து, மாலையில் ஆட்களின் முகம் தெரியாமல் தவிக்கிறார். அதை மாற்றுவது வைப்பதைவிடக் கடினம். "சிறந்ததைப் போடுங்கள்" என்ற அண்ணாவிடம், அம்மாவுக்குச் சிறந்தது விலை குறைந்த ஒற்றைத் தூர வில்லைதான் என்று புரியவைக்க மூன்று தொலைபேசி அழைப்புகள் ஆயின. காசு அனுப்புவது தவிரத் தூரத்தில் இருக்கும் பிள்ளையால் வேறென்ன செய்யமுடியும்? அவருடைய தவிப்பு எனக்குப் புரிந்தது.

ஒற்றைத் தூரம் என்றால் எந்தத் தூரம்? இதைப் பலரும் கேட்பதில்லை. வழக்கமாகத் தூரப்பார்வைக்குக் கணக்கிட்டு வைத்துவிடுவார்கள். அம்மாவுக்கு இளமையிலிருந்தே கிட்டப்பார்வை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பத்திரிகையை முகத்தருகே பிடித்து வாசித்தே 60 வருடம் பழகியவர். அவருக்குத் தூரத்தைத் தெளிவாக்கிக் கிட்டத்தைப் பறித்தால், தேவாரப் புத்தகத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கண்ணாடியைத் தேடவேண்டும். இதைச் சொன்னதும் வைத்தியர் சற்று யோசித்து, கையை நீட்டிப் பிடிக்கும் தூரத்துக்கு, ஏறத்தாழ அரை மீற்றருக்கு, குவியும்படி கணக்கிட்டார். வீதியில் போகும்போது கண்ணாடி போடுவார், வீட்டில் வேண்டியதில்லை. உங்கள் அம்மாவோ அப்பாவோ வாசிப்பவரா, தைப்பவரா, தொலைக்காட்சி பார்ப்பவரா, வாசலில் நின்று வருவோரைப் பார்ப்பவரா என்பதை வைத்தியர் அறியமாட்டார். நீங்கள் சொல்லவேண்டும்.

"கண்ணுக்குள் பிளாஸ்டிக் வைத்தால் பழுதாகாதா?" என்று அம்மா கேட்டார். இரண்டாம் உலகப் போரில் விமானங்களின் பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் கூரை உடைந்து விமானிகளின் கண்ணுக்குள் தங்கிய துணுக்குகள் எந்தத் தொல்லையும் தராமல் கிடந்ததைக் கவனித்துத்தான், ஹரோல்ட் ரிட்லி 1949இல் லண்டனில் முதல் செயற்கை வில்லையை வைத்தார் என்று சொன்னேன். வில்லை ஆயுளுக்கும் இருக்கும். சிலருக்கு மாதங்களோ வருடங்களோ கழித்து வில்லையின் பின்னுள்ள மெல்லிய சவ்வு மங்கும். புரை திரும்ப வந்துவிட்டது என்று பதறுவார்கள். லேசரால் சில நிமிடத்தில் அதைத் திறந்துவிடலாம்.

இன்னும் இரண்டு விடயங்களைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே சொல்லிவிடவேண்டும். அப்பாமாருக்குச் சிறுநீர்த் தடைக்காகக் கொடுக்கும் டம்சுலோசின் மாத்திரை, சத்திரசிகிச்சையின்போது கண்மணியைச் சுற்றியுள்ள நிறத்திரையைத் தளரவைக்கும். நிறுத்தி நீண்ட காலம் ஆன பின்னும் அந்தத் தன்மை இருக்கலாம் என்பதால், வைத்தியருக்குத் தெரிந்திருப்பதே முக்கியம். இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தக்கூடாது.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு சொட்டுமருந்து இடுவது ஒரு முழு வேலை. முதற்கிழமை கிருமிக்கும் வீக்கத்துக்குமாக ஒரு நாளில் பத்துத் தடவைக்கு மேல் இட்டேன். அம்மாவின் கை நடுங்கும். குப்பியின் நுனி கண்ணில் பட்டுவிடும். ஆகவே யார் இடுவது என்பதை முதலில் தீர்மானித்துவிட்டே திகதி வாங்கவேண்டும் என்பது என் கருத்து. தலைமுழுக்கு நிறுத்தினோம், சாம்பிராணி நிறுத்தினோம். திருநீறு மட்டும்தான் பெரிய போராட்டமாக இருந்தது. உலர்ந்த நீறு நெற்றியிலிருந்து கண்ணுக்குள் உதிரும். நீரில் குழைத்து, நான் என் விரலால் மெல்லியதாக வைத்துவிடுகிறேன் என்று சொன்னபோதுதான் சம்மதித்தார்.

இடக்கண்ணின் கட்டை அவிழ்த்த மறுநாள், மயூரபதி அம்மன் கோயில் பூச்சரத்தில் வெள்ளைப் பூ வெள்ளையாகவே இருக்கிறதே என்றார். அதுவரை அவருக்கு மல்லிகை மஞ்சளாகத் தெரிந்திருக்கிறது. எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

வலக்கண்ணுக்கு இன்னும் திகதி வாங்கவில்லை. தினமும் காலையில் இடக்கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, சன்னல் கம்பிகள் நேராகத் தெரிகின்றனவா என்று அம்மா பார்க்கிறார். கம்பி வளைந்தோ நடுவில் கரும்புள்ளியாகவோ தெரிந்தால், அது ஈரவகை மக்குலா சிதைவுக்கு (மக்குலாவின் அடியில் புதிய இரத்தக் குழாய்கள் முளைத்துக் கசியும் வகைக்கு) மாறியதன் அறிகுறியாக இருக்கலாம். அப்போது கிளினிக் நாளுக்காகக் காத்திருக்கக்கூடாது. அதற்குக் கண்ணுக்குள் ஊசி போடவேண்டும். ஒன்றல்ல, ஆரம்பத்தில் மாதம் ஒன்றாக, பிறகும் தொடர்ந்து. புற்றுநோய்க்கென வந்த பெவாசிசுமாப் என்ற மலிவான மருந்து, கண்ணுக்கென்றே செய்த விலையுயர்ந்த ரனிபிசுமாப் மருந்துக்கு நிகரான பலன் தருகிறது என்று 2011இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. ஒரு பெரிய குப்பியிலிருந்து சிறுசிறு அளவாகப் பிரித்து எடுக்கும் மருந்து அது; அந்த இடத்தின் சுத்தத்தைப் பொறுத்துத்தான் அதை நம்பலாம். அந்த நாள் வந்தால் அரசாங்கமா தனியாரா என்பதை மறுபடி எடைபோடவேண்டியிருக்கும், ஏனென்றால் அந்த ஊசி வரிசைக்காகக் காத்திருக்காது. விலையுயர்ந்த வில்லைக்கென்று அண்ணா அனுப்பிய பணத்தை அம்மாவின் பெயரில் தனிக் கணக்கில் போட்டு வைத்திருக்கிறோம்.